பூட் செக்டர் வைரஸை நீக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஆன்டிவைரஸ் "நீக்கியாகிவிட்டது" என்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் அதே பெயர் மறுபடி வந்து நிற்கிறது. சலித்துப்போய் சி டிரைவையே ஃபார்மட் அடித்தும் பலருக்கு அது போவதில்லை. காரணம் எளிமையானது: ஃபார்மட் என்பது ஒரு பார்ட்டிஷனுக்குள் (சி டிரைவ் போல டிஸ்கில் பிரித்த ஒரு பகுதிக்குள்) மட்டும் நடக்கும் வேலை, வைரஸ் இருப்பதோ பார்ட்டிஷனுக்கு வெளியே.

டிஸ்க் செக்டர் என்ற சிறு துண்டுகளாகப் பிரிந்திருக்கும். பழைய வகை டிஸ்கின் முதல் செக்டர் 512 பைட். அதில் 440 பைட் பூட் நிரல், 6 பைட் டிஸ்க் அடையாளம், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் முடிவுக்குறி. இதைத்தான் எம்பிஆர் என்கிறோம். கணினி எழுந்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடுவது அந்த 440 பைட்தான். முழு வைரஸும் அதற்குள் அடங்காது. அங்கே ஒரு தொடக்கத்துண்டை மட்டும் வைத்துவிட்டு, உடம்பை வேறெங்காவது ஒளித்துவைக்கும். முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் காலியாகக் கிடக்கும் செக்டர்களில் வைப்பது ஒரு வழி. டிடிஎல்4 என்ற வைரஸ் டிஸ்கின் வால் பகுதியில் தனக்கென்று ஒரு ரகசிய கோப்பு அமைப்பையே வைத்திருந்தது.

இதிலிருந்து பிறப்பதுதான் மிகப் பெரிய தவறு: பாதிக்கப்பட்ட விண்டோஸுக்குள் இருந்துகொண்டே ஸ்கேன் செய்வது. வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதை அது. செக்டர் 0-ஐக் காட்டு என்று ஸ்கேனர் கேட்டால், வைரஸ் நடுவில் புகுந்து, தான் எடுத்துவைத்த பழைய நல்ல நகலை நீட்டும். ஸ்கேனரும் பச்சை டிக் போட்டுவிடும். எழுதினாலும் இதே பிரச்சினைதான். 2011-ல் வந்த பாப்புரெப் வைரஸின் ஒரு வகை, எம்பிஆரை நோக்கி வரும் 'எழுது' கட்டளையை 'படி' கட்டளையாக மாற்றிவிடும். படிக்கும் வேலை தடையில்லாமல் முடிவதால் 'வெற்றி' என்ற பதில் வரும், டிஸ்கில் ஒரு பைட்கூட மாறியிருக்காது. ஆகவே எந்த வேலையானாலும் வெளியிலிருந்து, சுத்தமான யூஎஸ்பியில் பூட் செய்துதான் செய்யவேண்டும். விண்டோஸிலேயே உள்ள டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் நல்லது, சுமார் 15 நிமிடம் பிடிக்கும். ஆனால் அதுவும் அதே டிஸ்கிலிருந்து, அதே எம்பிஆர் வழியாகத்தான் எழுந்து வருகிறது. பிடிவாதமான வைரஸுக்கு அதை மட்டும் நம்பக்கூடாது.

அந்த யூஎஸ்பியைப் பாதிக்கப்பட்ட கணினியிலேயே தயாரிப்பது அடுத்த தவறு. வேறொரு சுத்தமான கணினியில், குறைந்தது 8 ஜிபி யூஎஸ்பியில், மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு தயாரியுங்கள். அதில் முன்பிருந்த கோப்புகள் எல்லாம் அழிந்துவிடும். டிஸ்கை நகலெடுக்க டிஸ்கில் நிறுவாமல் நேரே ஓடும் லினக்ஸ் லைவ் யூஎஸ்பி ஒன்றும் தனியாக வேண்டும். கணினியை அணைக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் சாதாரண ஷட் டவுன், விண்டோஸின் மைய நிரலான கெர்னலின் நிலையை டிஸ்கில் சேமித்துவைத்து, அடுத்த முறை அப்படியே எடுத்துவரும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து டிரைவில் எதையும் எழுதினால் கோப்புகள் சிதையும்.

நகல் எடுக்காமல் எழுதுவது

யூஎஸ்பியில் பூட் ஆனவுடன், எம்பிஆரைத் திரும்ப எழுதும் பூட்ரெக் கட்டளையை அடிக்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். 1990-களின் மங்கி வைரஸ் உண்மையான எம்பிஆரை மறையாக்கம் செய்து வேறு செக்டரில் வைத்திருந்தது. சுத்தமான ஃபிளாப்பியில் பூட் செய்தால் டிரைவே தெரியாது. பதறிப்போய் அன்றைய எஃப்டிஸ்க் கட்டளையால் எம்பிஆரை மாற்றி எழுதியவர்கள், பார்ட்டிஷன் அட்டவணைக்குத் திரும்பும் வழியையும் சேர்த்தே கெடுத்துக்கொண்டார்கள். 1994-ல் வந்த ஒன்-ஹாஃப் ஒவ்வொரு பூட்டிலும் டிஸ்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மறையாக்கம் செய்துகொண்டே போகும். அதை அவசரமாக அழித்தால் திறவுகோலும் கூடவே போய்விடும்.

எனவே முதலில் லினக்ஸ் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, டிடி கட்டளையால் முதல் 2048 செக்டரை நகலெடுங்கள். பிளாக் அளவு 512, எண்ணிக்கை 2048, மொத்தம் 1 எம்பிதான். 'ஐஎஃப்' (if) என்பது எடுக்கும் இடம், 'ஓஎஃப்' (of) என்பது போடும் இடம். இரண்டையும் மாற்றிப்போட்டால் டிஸ்கின் தலைப்பகுதியே அழிந்துவிடும். என்டர் தட்டுமுன் அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். கூடவே டிஸ்கில் உள்ள படங்கள், ஆவணங்களையும் வெளி டிரைவுக்கு எடுத்துவிடுங்கள். இயங்கு கோப்புகளும் பழைய இன்ஸ்டாலர்களும் வேண்டாம்.

2016-ல் பரவிய பெட்யா விஷயத்தில் மட்டும் இந்த நிதானம் வேறு விதமாக வேண்டும். கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகி, டிஸ்கைச் சரிபார்ப்பதுபோல ஒரு செக்டிஸ்க் திரையைக் காட்டும். அது போலி. கோப்பு அட்டவணையை அது மறையாக்கம் செய்துகொண்டிருப்பது அந்த நேரத்தில்தான். சந்தேகம் வந்தால் அந்த நொடியே மின்சாரத்தைத் துண்டித்து, டிஸ்கைக் கழற்றி, வேறு கணினியில் மாட்டி, லினக்ஸிலிருந்து கோப்புகளை எடுங்கள். பணம் கேட்கும் மண்டை ஓட்டுத் திரை வந்துவிட்ட பிறகு எம்பிஆரைச் சரிசெய்தால் மண்டை ஓடுதான் போகும், கோப்புகள் பூட்டியபடியே கிடக்கும்.

எல்லா டிஸ்குக்கும் ஒரே மருந்து

பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர் பார்ட்டிஷன் அட்டவணையைத் தொடாது, பூட் நிரலை மட்டும் மாற்றும். வைரஸ் மட்டும் இருந்த டிஸ்கில் அதுவே சரியான மருந்து. ஆனால் அதே இடத்தில் லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் இருக்கலாம், டிஸ்கை மறையாக்கம் செய்யும் வெராகிரிப்டின் பூட் லோடர் இருக்கலாம், தயாரிப்பாளர் வைத்த ரிகவரி விசைக்கான நிரல் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே வீச்சில் அழித்துவிடும். முழு டிஸ்க்கையும் வெராகிரிப்டால் பூட்டியிருந்தால் அதன் ரெஸ்க்யூ டிஸ்க் இல்லாமல் கை வைக்காதீர்கள். "அறிமுகமில்லாத எம்பிஆர்" என்று ஸ்கேனர் சொன்னாலே வைரஸ் என்று முடிவுகட்டுவதும் இதே ரகம். அது கிரப்பாகவும் இருக்கலாம்.

புதிய கணினிகளில் இந்தக் கட்டளைக்கு வேலையே இல்லை. விண்டோஸில் எம்எஸ்இன்ஃபோ32 திறந்து 'பயாஸ் மோட்' வரியைப் பாருங்கள். யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதில் வந்த புதிய தொடக்க முறை) என்றிருந்தால், பார்க்கவேண்டியது பெரும்பாலும் 100 எம்பி அளவில் இருக்கும், பூட் கோப்புகளுக்கான இஎஃப்ஐ பார்ட்டிஷனைத்தான். முதலில் வெளியிலிருந்து விண்டோஸ் ஃபோல்டரை ஸ்கேன் செய்யுங்கள், ஏனெனில் பூட் கோப்புகள் அங்கிருந்துதான் நகலாகின்றன. பிறகு, விண்டோஸின் டிஸ்க் பிரிக்கும் கருவியான டிஸ்க்பார்ட்டில் அந்தப் பார்ட்டிஷனுக்கு ஒரு எழுத்து கொடுத்து, ஃபேட்32-வில் ஃபார்மட் செய்து, பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளை மறுபடி உருவாக்குங்கள். யூஎஸ்பியில் பூட் செய்யும்போது விண்டோஸ் இருக்கும் டிரைவுக்கு சி என்ற எழுத்தே வரும் என்று எண்ணாதீர்கள், ஃபோல்டரைத் திறந்து பார்த்த பின் கட்டளையை அடியுங்கள். டிரைவைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புத் திறவுகோல் கையில் இல்லாமல் இதில் எதையும் தொடங்கவே வேண்டாம்.

கையொப்பமுள்ள பூட் கோப்புகளை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் இருக்கிறது, அதனால் பயமில்லை என்ற நினைப்பை 2023-ல் வெளிச்சத்துக்கு வந்த பிளாக்லோட்டஸ் உடைத்தது. ஓட்டை இருந்தும் கையொப்பம் ரத்தாகாத பழைய பூட் கோப்புகளைப் பயன்படுத்தி, செக்யூர் பூட் ஓடும்போதே அது உள்ளே நுழைந்தது. அதற்காக செக்யூர் பூட் வீண் என்று அர்த்தமில்லை. மீட்பு யூஎஸ்பிக்காக அதை அணைத்துவிட்டு, வேலை முடிந்தும் அப்படியே விட்டுவிடுவது இன்னும் மோசம்.

துடைத்தெடுப்பது என்று முடிவு செய்தால்

மற்ற டிஸ்குகளையும் வெளி டிரைவுகளையும் முதலில் கழற்றிவிடுங்கள். டிஸ்க்பார்ட்டின் 'க்ளீன்' கட்டளை உறுதிகூடக் கேட்காது. எந்த டிஸ்க் என்பதை எண்ணைப் பார்த்து அல்ல, அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். 'க்ளீன்' போதுமா, ஒவ்வொரு செக்டரிலும் பூஜ்யம் எழுதும் 'க்ளீன் ஆல்' வேண்டுமா? பெரும்பாலும் 'க்ளீன்' போதும். வால் பகுதியில் மிச்சமிருக்கும் வைரஸை எழுப்பிவிட முன்னால் ஆள் இல்லாதபோது அது வெறும் பைட்டுகள்தான். 1 டிபி ஹார்ட் டிஸ்கில் 'க்ளீன் ஆல்' சில மணி நேரம் ஓடும்.

டிஸ்கையே மாற்றி, சுத்தமான யூஎஸ்பியில் விண்டோஸ் போட்டும் திரும்பி வந்தால் மட்டும் மதர்போர்டின் சிப்பிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேரைச் சந்தேகியுங்கள். 2018-ல் கண்டறியப்பட்ட லோஜாக்ஸ் அங்கேதான் குடியிருந்தது. வீட்டுக் கணினியில் இது அபூர்வம். அதற்கு முன் அதே பழைய யூஎஸ்பியையோ, அதே கிராக் செய்த ஆக்டிவேட்டரையோ மறுபடி போட்டீர்களா என்று பாருங்கள், பெரும்பாலும் விடை அங்கே இருக்கும். கடவுச்சொற்களை எல்லாம் வேறொரு சுத்தமான சாதனத்திலிருந்து மாற்றுங்கள். பாதித்த கணினியில் இருந்து மாற்றினால் புதியதும் அதே கைக்குப் போகும்.

போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? பழைய வகை டிஸ்கில், எம்பிஆரைச் சரிசெய்த கையோடு லைவ் யூஎஸ்பியிலிருந்து முதல் 440 பைட்டை எடுத்து அதன் செக்சம்மை (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் சரிபார்ப்பு எண்) குறித்துவையுங்கள். விண்டோஸை இரண்டு முறை சாதாரணமாக இயக்கி முழுதாக அணைத்துவிட்டு, அதே யூஎஸ்பியிலிருந்து மறுபடி எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பூட் செக்டர் சுத்தம். வேறுபட்டால், அதைத் திரும்ப எழுதும் கோப்பு விண்டோஸுக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்போது வெளியிலிருந்து முழு ஸ்கேன் முதலில், எம்பிஆர் அதற்குப் பிறகு.