பார் கவுண்டரில் ஒரு குழு வந்து உட்கார்ந்தால்: புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

மேஜையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம். பார் கவுண்டரில் அதே ஆறு பேரும் ஒரே வரிசையில் உங்களைப் பார்த்தபடி இருப்பார்கள். இந்தக் கோடியில் பேசுவது அந்தக் கோடிக்குக் கேட்காது. அதனால் எழுந்து இடம் மாறுவார்கள், நண்பரின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பார்கள், ஒருவருக்கு வைத்த கிளாஸை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். இதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை, கவுண்டர் என்றால் அப்படித்தான். இதற்கு நாம்தான் தயாராக இருக்க வேண்டும்.

1. ஸ்டூலுக்கு எண் கொடுங்கள்

கவுண்டருக்கு உள்ளே நிற்கும்போது உங்கள் இடது கோடியில் இருப்பது 1. அங்கிருந்து வரிசையாக எண்ணுங்கள். காலியாக இருக்கும் ஸ்டூலுக்கும் எண் உண்டு. பாரில் இருப்பவர், உணவு கொண்டுவருபவர், பில் போடுபவர் எல்லாரும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். சின்னதாகப் படம் வரைந்து பில்லிங் மெஷின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் 'நீலச் சட்டை', 'கண்ணாடி போட்டவர்' என்று ஆளைப் பார்த்துத்தான் குறித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கொட்டைப் பருப்பு ஒத்துக்கொள்ளாத ஒரு பெண், தோழியுடன் பேசுவதற்காக இரண்டு ஸ்டூல் தள்ளி உட்கார்ந்துவிட்டார். பருப்பு தூவிய இனிப்பு நேராக அவர் முன்னால் போய்விட்டது. தோழி கவனித்துத் தட்டை நகர்த்தியதால் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து நான் ஆளை எழுதுவதில்லை, எண்ணைத்தான் எழுதுகிறேன். யாராவது இடம் மாறினால் அந்த நிமிடமே குறிப்பிலும் மாற்றிவிடுகிறேன். எண் எழுதுவது பாதி வேலைதான், அதைத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் மீதிப் பாதி.

2. எங்கே உட்காரவைப்பது?

இரண்டு மூன்று பேர் என்றால் நேர் வரிசையில் எங்கே வேண்டுமானாலும் சரி. நான்கு பேர் என்றால் கவுண்டர் திரும்பும் மூலை கிடைக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துக்கு இரண்டு பேராக உட்கார்ந்தால் நால்வரும் பேசிக்கொள்ளலாம். அதற்கு மேல் ஆள் இருந்து மேஜையும் காலியாக இருந்தால், "மேஜையில் எல்லாரும் சேர்ந்து பேச வசதியாக இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். கவுண்டரே வேண்டும் என்றால் அவர்கள் விருப்பம்.

ஒருவருக்குச் சுமார் 60 செ.மீ. அகலம் வேண்டும். கூடுதலாக ஒரு ஸ்டூலைத் திணித்தால் பக்கத்தில் தனியாக வந்திருப்பவரின் முழங்கைதான் இடிபடும். குழு சேர்ந்து உட்கார இடம் வேண்டி, நடுவில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரை ஓர் இடம் தள்ளி உட்காரச் சொல்ல வேண்டியிருந்தால் முதலில் கேளுங்கள். அவர் சம்மதித்தால் அவருடைய கிளாஸையும் தட்டையும் நீங்களே எடுத்து வையுங்கள். மேஜைகளுக்குப் போகும் பானங்களை எடுக்கும் இடத்தில் மட்டும் யாரையும் உட்காரவைக்க வேண்டாம்.

3. பில் ஒன்றா, தனித்தனியா?

இதை முதல் பானம் ஊற்றுவதற்கு முன்பே கேளுங்கள். கேட்கத் தயங்குகிறவர்கள்தான் கடைசியில் 20 வரி பில்லை வைத்துக்கொண்டு யாருக்கு எது என்று தேடுகிறார்கள். ஒரே பில் என்று சொன்னாலும் ஸ்டூல் எண்ணோடுதான் பதிய வேண்டும், பிறகு மனம் மாறினால் சுலபமாகப் பிரித்துவிடலாம். பகிர்ந்து சாப்பிடும் தட்டுகளுக்கு 'பொது' என்று ஒரு தனி வரி போடுங்கள்.

4. ஆர்டர் எடுப்பது

சிறிய எண்ணில் தொடங்கி வரிசையாகப் போங்கள். யார் முதலில் கூப்பிட்டாலும் இந்த வரிசையை விடாதீர்கள். 4ஆம் ஸ்டூலுக்குப் பின்னால் நிற்பவர் '4அ'. ஒருவரே எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னாலும் எது யாருக்கு என்று கேளுங்கள். ஒவ்வாமை இருந்தால் ஆர்டர் சீட்டில் எழுதுவதோடு கிச்சனுக்கு வாயாலும் சொல்லுங்கள். அப்புறம் முழு ஆர்டரையும் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள், தப்பில் பெரும்பாலானவை அங்கேயே பிடிபட்டுவிடும்.

5. தயாரித்துக் கொடுப்பது

எல்லாருக்கும் முதலில் தண்ணீர். ஒரே வகைப் பானங்களைச் சேர்த்துச் செய்யுங்கள். எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று யோசித்து வரிசையை முடிவு செய்யுங்கள். ஒயின் காத்திருக்கும். பீரின் நுரை அடங்கிவிடும், குலுக்கிச் செய்யும் காக்டெயிலும் நேரம் போனால் ருசி குறையும், எனவே இவை கடைசியில். ஐஸ் முன்கூட்டியே போட்டால் கரைந்து பானம் நீர்த்துவிடும்.

6. அடுத்த ரவுண்டு

"எல்லாருக்கும் அதேவா?" என்று கேட்காதீர்கள். யாராவது ஒருவர் ஆமாம் என்று சொல்லிவிடுவார், வேண்டாம் என்று நினைப்பவர் பேசாமல் இருந்துவிடுவார். ஒவ்வொரு ஸ்டூலாகக் கேளுங்கள். யார் எத்தனை குடித்திருக்கிறார் என்பதையும் ஆள்வாரியாக எண்ணுங்கள், குழுவின் மொத்தத்தை வைத்து ஒன்றும் தெரியாது. வயதைச் சரிபார்ப்பதும் அப்படியே: ஆர்டர் கொடுப்பவரை மட்டும் பார்த்தால் போதாது, குடிக்கப்போகும் ஒவ்வொருவரையும் பார்க்க வேண்டும். போதை ஏறியவருக்கு மறுப்பது சங்கடம்தான், ஆனாலும் மறுத்தே ஆக வேண்டும்.

7. கிளம்பும்போது

குழு மேஜைக்கு மாறினால் பில்லையும் கூடவே மாற்றுங்கள், அல்லது கவுண்டரிலேயே முடித்துவிடுங்கள். தனித்தனி பில் என்றால் 4அ போல நின்றுகொண்டே குடித்தவர்களின் கணக்குதான் அதிகம் விட்டுப்போகும், அதை முதலில் பாருங்கள். அவர்கள் போனதும் ஸ்டூல்களைப் பழைய இடத்துக்கு நகர்த்தி, வரிசை எண்ணைச் சரிபார்த்த பிறகு அடுத்தவரை உட்காரவையுங்கள்.