காயத்தோடு வந்த தாத்தாவைத் தேடும் வழி

என் அம்மாவின் அப்பாவுக்கு இடது தொடையில், முழங்காலுக்கு நாலு விரற்கடை மேலே, ஒரு குழி இருந்தது. சின்ன வயதில் அதில் என் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பேன், சரியாகப் பொருந்தும். பின்பக்கம் அதைவிடப் பெரிய தழும்பு, தோல் சுருங்கி ஆரஞ்சுச் சுளை மாதிரி இருக்கும். அயனாவரத்தில் பெட்டிக்கடை வைத்திருந்தார். உட்கார்ந்தபடியேதான் வியாபாரம். "நேதாஜி பட்டாளத்துல இருந்தவர்" என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். எந்த ஊரில் அடிபட்டது, யார் தூக்கி வந்தது, மலேயாவில் அவருக்கு யார் யார் இருந்தார்கள் என்று கேட்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. 1981இல் அவர் போனபோது எனக்குப் பதினொரு வயது.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தேட ஆரம்பித்தேன். சென்னையில் இருந்தபடி இப்படித் தேட நினைக்கும் மற்றக் குடும்பங்களுக்காக, எனக்குப் பலன் கொடுத்த வழிகளை எழுதுகிறேன்.

முதலில் காயத்திலிருந்து தொடங்குங்கள். உடம்பில் இருந்த தழும்பைப் பற்றி வீட்டில் மிச்சமிருக்கும் பெரியவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால், குரல் உயர்ந்தவர் சொல்வதற்கு மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். எந்தக் கால், முன்னாலா பின்னாலா, எந்த மாதம், எந்த ஆஸ்பத்திரி, யார் கட்டுப் போட்டது என்று கேட்டு, அவர்கள் சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதிக்கொள்ளுங்கள். திருத்தாதீர்கள். என் அம்மா, "தாத்தா மைமோல படுத்திருந்தாராம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மைமோ என்பதை ஏதோ குழந்தைப் பேச்சு என்று நினைத்து, முதல் தடவை நான் எழுதவே இல்லை. பிறகு பர்மா வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது மாந்தளைக்குக் கிழக்கே மலைமேல் மேமியோ இருந்தது. இன்றைக்கு அந்த ஊருக்குப் பியின் ஊ ல்வின் என்று பெயர். நேதாஜி பட்டாளமான இந்திய தேசிய ராணுவத்தின் ஆஸ்பத்திரி அங்கே இயங்கியது. 1944இல் இம்பால் முனையிலிருந்து திரும்பியவர்களில் காயக்காரர்களையும் மலேரியாக்காரர்களையும் அங்கே கொண்டுவந்தார்கள். அன்று அம்மாவிடம் வரைபடத்தைக் காட்டினேன். "அதான் சொன்னேனே" என்றார்.

வருஷம் சொல்லும்போது நம் வீடுகளில் தமிழ் வருஷப் பெயர் வரும், அதை விட்டுவிடாதீர்கள். எங்கள் பெரியம்மா, "தாரண வருஷம் சித்திரையில அடிபட்டது" என்றார். தாரண வருஷம் 1944 ஏப்ரலில் பிறந்தது. ஆக, ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவுக்குள். அந்த ராணுவத்தின் காந்தி படைப்பிரிவு, இம்பாலுக்குப் பக்கத்தில் உள்ள பலேல் விமானத்தளத்தைத் தாக்கியதும் ஏறக்குறைய அந்த நாட்களில்தான். அதற்காக "தாத்தா பலேலில் சண்டை போட்டார்" என்று நான் எழுதிவிடவில்லை. தேதி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். அவர் எந்தப் படைப்பிரிவு என்பதற்கு என்னிடம் இன்னும் தாள் இல்லை. இந்த இடத்தில் மனசு அவசரப்படும், அடக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, அவர் எந்த வழியாகப் பட்டாளத்துக்கு வந்தார் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இந்திய தேசிய ராணுவத்தில் இரண்டு வகையினர் இருந்தார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் கைதியாகி, பிறகு சேர்ந்த பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்கள் ஒரு வகை. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து பொறுப்பேற்ற பிறகு, ரப்பர் தோட்டங்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் தொண்டர்களாகச் சேர்ந்தவர்கள் இன்னொரு வகை. தமிழர்கள் ஏராளமாக இருந்தது இந்த இரண்டாவது வகையில்தான். உங்கள் தாத்தா முதல் வகை என்றால் அவருக்குப் பழைய பட்டாள எண் இருக்கும். அந்தந்த ரெஜிமென்ட்டின் ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரியில் உள்ள வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு. என் தாத்தா மாதிரி தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. அவர்களைத் தேட வேறு வழியில் போக வேண்டும்.

அந்த வழியை எனக்குத் திறந்துவிட்டது ஒரு டிரங்குப் பெட்டி. பட்டுப்புடவைகளுக்கு அடியில், பழைய தினமணித் தாளில் சுற்றி, மூன்று பக்கத்துக்கு ஊதா மையில் எழுதிய ஓர் ஓய்வூதிய விண்ணப்பத்தின் நகல் இருந்தது. 1972 ஆகஸ்ட் 15 முதல் மத்திய அரசு சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கியது. 1980இல் அது விரிவாகி ஸ்வதந்திரதா சைனிக் சம்மான் என்ற பெயர் பெற்றது. குறைந்தது ஆறு மாதம் சிறையில் இருந்ததற்குச் சான்று வேண்டும். அரசு ஆவணம் கிடைக்காதவர்கள், கூடச் சிறையில் இருந்தவர்களிடம் சான்று வாங்கித் தர வேண்டும். தாத்தா எழுதியிருந்தார்: "ரங்கூனில் சரண்டர் ஆனோம். கப்பலில் கல்கத்தா. பிறகு ஜிக்கர்கச்சா கேம்ப்." வங்காளத்தில் இருந்த கைதி முகாம் அது. அதற்குக் கீழே, உடன் இருந்தவர்கள் என்று இரண்டு பெயர். முதல் பெயருக்கு எதிரே புளியந்தோப்பில் ஒரு தெரு. இரண்டாவது பெயருக்கு எதிரே, வேறு மையில், "காலமானார்" என்று இருந்தது. விண்ணப்பத்தை அவர் அனுப்பவே இல்லை.

சாதாரணச் சிப்பாயின் பெயரை அட்டவணைகளில் தேடித் தேடிச் சோர்ந்துபோகாதீர்கள், அவர் பக்கத்தில் படுத்திருந்தவரைத் தேடுங்கள். புளியந்தோப்பில் அந்தத் தெருவுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். வீடு கைமாறியிருந்தது. ஆனால் முனையில் இஸ்திரிக் கடை வைத்திருந்தவர் ஒரு பெயரைச் சொல்லி, "அவங்க பொண்ணு வியாசர்பாடில இருக்காங்க" என்று வழிகாட்டினார். அந்த அம்மாவிடம் ஒரு புகைப்படம் இருந்தது. காக்கி அரைக்கால்சட்டையில் நாலு பேர், ஓரத்தில் கோலை ஊன்றிக்கொண்டு என் தாத்தா. என் கை நடுங்கியது. புகைப்படம் கிடைத்தால் முன்பக்கத்தை மட்டும் படம்பிடித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். பின்பக்கத்தில்தான் ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் இருக்கும்.

உங்கள் வீட்டில் ஓய்வூதியம் வாங்கியிருந்தால் வேலை சுலபம். மத்திய ஓய்வூதியம் என்றால் உள்துறை அமைச்சகத்தின் சுதந்திரப் போராட்ட வீரர்கள் பிரிவு, மாநில ஓய்வூதியம் என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கோப்பின் நகலைக் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். அந்நியர் விவரம் என்று சொல்லித் திருப்பி அனுப்ப இடம் கொடுக்கக் கூடாது. ஓர் அலுவலகத்தில் என்னிடம் "அந்த வருஷத்துக் கட்டெல்லாம் அழிச்சாச்சு" என்று வாயால் சொன்னார்கள். எழுத்தில் கேட்டபோது ஒரு பதிவேட்டு வரி கிடைத்தது. அதனால் வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள்.

எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சிவப்புக் கட்டடத்தில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு எல்லோரும் முதலில் ஓடுகிறார்கள். நான் கடைசியில் போகச் சொல்வேன். அங்கே இருப்பவை அரசுத் துறைகளின் கோப்புகள். பெயரை மட்டும் சொன்னால் யாராலும் எடுத்துத் தர முடியாது. துறை, வருஷம், பொருள் மூன்றும் கையில் இருந்தால்தான் அட்டவணையில் தேட முடியும். முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், பென்சில் எடுத்துப் போங்கள். அதே எழும்பூரில் கன்னிமாரா நூலகத்தில், 1970களில் தமிழக அரசு வெளியிட்ட விடுதலைப் போராட்ட வீரர்கள் விவரத் தொகுதிகளைக் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்குச் சில வரிதான் இருக்கும். ஆனால் ஊரும் சிறையும் இருந்தால் அதுவே போதும். பழைய பத்திரிகைகளுக்குத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

டெல்லிக்குப் போகாமலே தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் தேடலாம். பாதுகாப்பு அமைச்சகம் 1997இல் ஒப்படைத்த இந்திய தேசிய ராணுவக் கோப்புகள் 990 அந்தக் காப்பகத்தில்தான் இருக்கின்றன. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பத்திரிகைத் தளமும் இலவசம். தமிழ் முரசும், ஜப்பானியர் காலத்து சியோனான் பத்திரிகையும் அதில் கிடைக்கும். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் ஜப்பானியர் காலத்தை நேரில் கண்டவர்களின் குரலைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. என் தாத்தா அதில் இல்லை. ஆனாலும் அவர் வயதுக்காரர் ஒருவர் காட்டுவழி நடந்ததைச் சொல்வதைக் கேட்டபோது, தாத்தா ஏன் சாப்பாட்டுத் தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்க விடமாட்டார் என்று புரிந்தது.

ஆங்கில ஆவணங்களில் தேடும்போது எழுத்துக்கூட்டலைப் பத்து விதமாக மாற்றிப் போடுங்கள். ராமசாமி என்று வைத்துக்கொள்வோம். 'சாமி'யின் நடுவில் 'டபிள்யூ' வரும், வராது. 'ராம'வில் ஓர் 'ஏ' இருக்கும், இரண்டு இருக்கும். தகப்பனார் பெயரைச் சேர்த்துத் தேடுவது இன்னும் முக்கியம். இங்கே நமக்குத் தகப்பனார் ஒற்றை முன்னெழுத்தாகச் சுருங்கிவிடுகிறார். மலேசியாவிலோ 'ஏ/எல்', 'ஏ/பி' என்று மகன், மகள் குறிப்பு போட்டு, தகப்பனார் பெயரை முழுதாக எழுதுவார்கள்.

இப்போது குடும்பம். இதற்கு எந்த அரசு அலுவலகத்தையும்விட உதவியது ஒரு மொய் நோட்டு. 1968இல் என் அம்மா கல்யாணத்தில் எழுதியது, மஞ்சள் தடவிய அட்டை. ஊர் ஊராகப் பிரித்து, பெயர், தொகை என்று போகிறது. நாற்பதாவது பக்கத்தில், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்களுக்கு நடுவில், ஒரே ஒரு வரி: "சுங்கை சிப்புட் அக்கா, கப்பலில் வந்தவர் கைவசம், ரூ. 51". கீழே ஒரு தோட்டத்தின் பெயர். சுங்கை சிப்புட் மலேயாவில் ஓர் ஊர். தாத்தாவுக்கு ஓர் அக்கா இருந்ததே எங்களுக்கு அதுவரை தெரியாது. 1938இல் இந்திய அரசு மலேயாவுக்குக் கூலியாட்கள் போவதை நிறுத்துவதற்கு முன்னால், அக்கா, அவர் வீட்டுக்காரர், பதினாறு வயதுத் தம்பி என்று மூன்று பேராகப் போயிருக்கிறார்கள். மொய் நோட்டு, கருமாதிப் பத்திரிகை, குலதெய்வக் கோயிலின் வரி நோட்டு மூன்றையும் வரி விடாமல் படியுங்கள். வரி நோட்டில் பங்காளிகள் தலைக்கட்டு தலைக்கட்டாக இருப்பார்கள். வெளிநாடு போனவர் பெயரையும் அங்கே அடிக்க மாட்டார்கள்.

தோட்டத்தின் பெயர் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. பல தோட்டங்கள் இன்று துண்டாடப்பட்டு, வீடுகளாகவும் செம்பனை (எண்ணெய்ப்பனை) காடாகவும் மாறிவிட்டன. ஆனால் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வேறு இடத்துக்குப் போனாலும் பழைய தோட்டப் பெயரையே வைத்திருக்கும். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு, எங்கெங்கோ குடியேறிய குடும்பங்கள் திரும்பி வருவார்கள். அந்தப் பள்ளிக்கு ஒரு கடிதம், கோயில் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். தமிழில்தான். தாத்தாவின் பெயர், அவர் தகப்பனார் பெயர், சொந்த ஊர், குலதெய்வம், கால் காயம் எல்லாம் சொல்லி, பணமோ சொத்தோ கேட்க நாங்கள் வரவில்லை என்பதையும் தெளிவாக எழுதினேன். அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், பதில் வருவதற்கு அது அவசியம்.

நாலு மாதம் கழித்து மலேசியாவின் ஈப்போவிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல். அக்காவின் பேரன், எனக்கு அண்ணன் முறை. "நம்ம தாத்தாவுக்கு வலது காலா இடது காலா தங்கச்சி?" என்று கேட்டார். அவர்கள் வீட்டில் வலது கால் என்றுதான் கதை. போனை அம்மாவிடம் கொடுத்தேன். தினமும் ராத்திரி அந்தக் காலுக்குத் தைலம் தேய்த்தவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு, தாத்தா எதிரே உட்கார்ந்திருப்பது போலக் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இடது" என்றார். நோட்டில் இரண்டையும் எழுதி, யார் சொன்னது, எந்தத் தேதி என்று பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.