சிம் கார்டுக்கும் ஒரு பூட்டு

வெளிநாடு கிளம்பும் முன் போன் செட்டிங்ஸில் சிம் பின் (PIN), அதாவது சிம்முக்கான ரகசிய எண், போட்டுவிடுங்கள். திரைக்குத்தான் பூட்டு இருக்கிறதே என்று தோன்றும். போதாது. திருடியவன் சிம்மைக் கழற்றி வேறு போனில் செருகினால், வங்கி அனுப்பும் ஓடிபி நேராக அவன் கைக்குப் போய்விடும். சிம் பின் இருந்தால், அந்த போன் அதைக் கேட்கும்; மூன்று முறை தப்பாகப் போட்டதும் சிம் பூட்டிக்கொள்ளும். அப்புறம் பியூகே (PUK) எண், அதாவது சிம் நிறுவனம் தரும் திறப்பு எண், இல்லாமல் திறக்காது. அந்த எண்ணை முன்பே வாங்கித் தாளில் எழுதி வையுங்கள், போனில் வேண்டாம். முதல்முறை சிம் பின் போடும்போது, நிறுவனம் சிம்மில் ஏற்கெனவே வைத்திருக்கும் பின்னைக் கேட்கும். ஊகித்துப் போட்டால் நீங்களே பூட்டிக்கொள்வீர்கள், சிம் கொடுத்த நிறுவனத்திடம் கேளுங்கள்.

போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம்மைக் கழற்ற முடியாது என்பதால் அதற்கு இது அவ்வளவு அவசியமில்லை. திறந்திருக்கும் போனைக் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு ஓடினால் இந்தப் பூட்டு உதவாது. உடனே சிம்மை முடக்கச் சொல்வதுதான் வழி.