டைமிங் பெல்ட்டின் இறுக்கத்தை அமைக்கும் முறை

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுக்குக் கடத்தும் பல் வைத்த பெல்ட்டே டைமிங் பெல்ட். எஞ்சினை மீண்டும் பூட்டும்போது அதன் இறுக்கத்தைக் கைப்பலத்தால் தீர்மானிக்க முடியாது. தொய்வு முழுவதையும் டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை) இருக்கும் பக்கத்துக்கு ஒதுக்கி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிய பிறகு டென்ஷனரில் தெரியும் நிலையே நம்பத்தக்கது. பெல்ட்டை மாட்டிய கையோடு பார்க்கும் நிலை பெரும்பாலும் பொய்யாகவே இருக்கும். இறுக்கம் குறைந்தால் பெல்ட் புல்லியின் பல்லைத் தாண்டித் தாவக்கூடும். அப்போது பல எஞ்சின்களில் திறந்திருக்கும் வால்வின் மேல் பிஸ்டன் வந்து மோதி, வால்வு வளைந்துவிடும். இறுக்கம் மிகுந்தாலோ, டென்ஷனர், வாட்டர் பம்ப் ஆகியவற்றின் பேரிங்குகள் விரைவில் தேய்ந்துபோகும்.

எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். அலுமினிய பாகங்கள் சூட்டில் விரியும்போது கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கும் இடையிலான தூரம் சற்றுக் கூடி பெல்ட்டும் இறுகுவதால், சூடான எஞ்சினில் சரியாகத் தோன்றும் இறுக்கம் ஆறியபின் தொய்வாகிவிடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் அழுத்தம் எதிர்க்காது. கிராங்கை மெதுவாகவும் சீராகவும் சுற்றலாம். புதிய பெல்ட்டை மடிக்கவோ, உட்புறம் வெளியே வரும்படி திருப்பவோ கூடாது. அதனுள் ஓடும் கண்ணாடி இழைகள் வெளியே அடையாளம் காட்டாமலேயே முறிந்துவிடும். ஆயில் சீலில் கசிவு இருந்தால் அதை முதலில் சரிசெய்வதே முறை, ஏனெனில் எண்ணெய் பட்ட பெல்ட்டை எவ்வளவு துல்லியமாக இறுக்கினாலும் பயனில்லை.

கிராங்க், கேம் புல்லிகளின் குறிகளைப் பொருத்திய பின், பெல்ட்டைக் கிராங்கில் மாட்டி, விறைப்பாக இருக்க வேண்டிய பக்கம் வழியாகக் கேமுக்குக் கொண்டுசென்று, டென்ஷனரைக் கடைசியாகச் சுற்றிவர வேண்டும். சுழலும்போது கேமிலிருந்து கிராங்கை நோக்கி இழுபடும் ஓட்டமே விறைப்பான பக்கம். பெரும்பாலான எஞ்சின்கள் பெல்ட் பக்கத்திலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றும் என்றாலும், ஹோண்டாவின் பழைய எஞ்சின்கள் பல இடஞ்சுழியாகச் சுற்றுபவை. இதை உறுதிசெய்யாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது.

அடுத்த படி டென்ஷனரின் வகையைப் பொறுத்தது. ஸ்பிரிங் வகையில், போல்ட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் தானே உரிய அழுத்தத்தைக் கொடுக்கும். சில எஞ்சின்களில் போல்ட்டை மறுபடி இறுக்குமுன் கேம் புல்லியின் மூன்று பற்கள் அளவுக்குக் கிராங்கைச் சுழற்றும்படி எஞ்சினின் கையேடு சொல்லும். ஹைட்ராலிக் வகையில், டென்ஷனரின் தண்டை வைஸ் என்ற பிடிகருவியில் செங்குத்தாகப் பிடித்து மிக மெதுவாக அழுத்தி, துளைகள் நேராகும்போது ஊசியைச் செருகிப் பூட்ட வேண்டும்; குறிகளை மறுபடி பார்த்த பிறகே அந்த ஊசியை உருவ வேண்டும்.

அதிகம் தவறு நேர்வது, முள்ளும், அது நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் வெட்டும் கொண்ட தானியங்கி டென்ஷனரில்தான். அதன் மையம் தள்ளி அமைந்திருப்பதால், கையேடு காட்டும் திசையில் ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) திருப்பும்போது முள் மெல்ல நகர்ந்து வெட்டுக்கு நேராக வரும். அங்கே நிறுத்தி போல்ட்டை இறுக்கத் தொடங்கியதும், போல்ட்டின் திருகலோடு டென்ஷனரும் சேர்ந்து திரும்பி, முள் வெட்டைத் தாண்டிவிடுவது வழக்கம். ஆகவே ஒரு கையால் ஆலன் கீயை அசையாமல் பிடித்துக்கொண்டே மறுகையால் இறுக்க வேண்டும். இறுதி இறுக்கத்தை, திருகும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், குறிப்பிட்ட அளவுக்குத் தர வேண்டும்.

பிறகு கிராங்கை அதன் இயல்பான திசையில் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும்; கிராங்க் இருமுறை சுற்றினால்தான் கேம் ஒருமுறை சுற்றி, குறிகள் மீண்டும் பழைய இடத்துக்கு வரும். இதற்கு ஸ்டார்ட்டரைப் பயன்படுத்தக் கூடாது. வழியில் உறுதியான தடை ஏதும் தட்டினால் வலிந்து தள்ளாமல் நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் வால்வு பிஸ்டனைத் தொட்டிருக்கலாம். குறியைத் தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பக் கூடாது. மேலும் இரண்டு சுற்று முன்னோக்கியே சுற்றி வர வேண்டும். இப்போது குறிகளையும் முள்ளையும் பார்த்து, முள் விலகியிருந்தால் இறுக்கத்தை மறுபடி அமைக்க வேண்டும். குறி ஒரு பல் விலகியிருந்தாலும் பெல்ட்டைக் கழற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நீளமான ஓட்டத்தின் நடுவே பெல்ட்டை இரு விரலால் பிடித்து 90 பாகை திருப்பிப் பார்க்கும் பழக்கம் பரவலாக உண்டு. கையால் இறுக்கும் டென்ஷனருக்கு அது தோராயமான சோதனையாக உதவும். தானியங்கி வகைக்கு அதை நம்புவது சரியல்ல. பெல்ட்டின் இறுக்கத்தை அளக்கும் மானியோ, பெல்ட்டைத் தட்டி அதிர்வை ஹெர்ட்ஸில் அளக்கும் கருவியோ இருந்தால், அந்த எஞ்சினுக்கென்று கொடுக்கப்பட்ட எண்ணோடு ஒப்பிடுவதே மேல்.

கவரை மூடி எஞ்சினை ஓடவிட்டதும், வேகம் கூடக்கூட ஊளை போன்ற ஒலி எழுந்தால் பெல்ட் மிக இறுக்கமாக இருக்கலாம். கவரில் உரசும் ஒலியோ படபடப்போ கேட்டால் தொய்வு இருக்கலாம். எந்த ஒலியானாலும் உடனே எஞ்சினை நிறுத்தி, முழுவதும் ஆறிய பிறகே டென்ஷனரைத் தொட வேண்டும்.