'கிவி' சரி, 'பாகி' வேண்டாம்

நியூசிலாந்துக்காரரை 'கிவி' என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். அவர்களே தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுடைய ஒரு டாலர் நாணயத்திலும் கிவிப் பறவைதான். ஆஸ்திரேலியருக்கு 'ஆஸி'யும் அப்படியே.

அந்தத் தைரியத்தில் லண்டன் அலுவலகத்தில் கிரிக்கெட் பேசும்போது பாகிஸ்தானியரை 'பாகி' என்று சுருக்கிவிடாதீர்கள். 'இந்தியா - பாக்.' என்று செய்தித் தலைப்புகளில் பார்த்துப் பழகிய நமக்கு அது வெறும் சுருக்கம். பிரிட்டனில் அது 1960களின் கடைசியிலிருந்து, தெருவில் ஆளை மடக்கி அடிக்கும்போது கத்திய வசவு. அடி வாங்கியவர்களில் இந்தியர்களும் வங்காளிகளும் உண்டு. பாஸ்போர்ட்டைப் பார்த்தா அடித்தார்கள்?

அமெரிக்காவில் இந்த வரலாறு அவ்வளவாகத் தெரியாது. 2002 ஜனவரியில் அதிபர் புஷ் சாதாரணமாக அந்தச் சொல்லைச் சொல்லிவிட, வெள்ளை மாளிகை விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

'யாங்க்' வேறு கதை. லண்டன்காரருக்கு எல்லா அமெரிக்கரும் யாங்க்தான். அமெரிக்காவின் தெற்கிலுள்ள அலபாமாக்காரரிடம் சொன்னால், "அது வடக்கத்திக்காரன், நானில்லை" என்று முறைத்தாலும் முறைப்பார்.

சந்தேகமாக இருந்தால் முழுசாகவே சொல்லிவிடுங்கள்: பாகிஸ்தானி. மூன்று எழுத்துதான் கூடுதல்.