எல்லா நோயாளிக்கும் மூச்சு 20தானா?

வார்டில் காலை டி.பி.ஆர். சார்ட்டுகளை, அதாவது காய்ச்சல், நாடி, மூச்சு எழுதும் தாள்களைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். முதல் கட்டிலில் நிமோனியா, மூன்றாவதில் நேற்று குடலிறக்க ஆபரேஷன் ஆனவர், ஏழாவதில் டிஸ்சார்ஜுக்குக் காத்திருப்பவர். மூவருக்கும் மூச்சு நிமிடத்துக்கு 20! முதல் போஸ்டிங்கில் நர்சிங் மாணவர்கள் செய்யும் தவறுகளில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான். காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர் உண்டு, பிபிக்கு மெஷின் உண்டு. மூச்சுக்குக் கண்ணும் வாட்சும் போதும் என்பதாலேயே அதை யாரும் எண்ணுவதில்லை.

ஒருவர் உடம்பு மோசமாகத் தொடங்கும்போது பல நேரங்களில் பிபி இறங்குவதற்கு முன்பே மூச்சு வேகமெடுத்துவிடும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25ஐத் தொட்டால் அடுத்த ரவுண்ட்ஸுக்குக் காத்திருக்காமல் ஸ்டாஃப் நர்ஸிடம் ஓடிச் சொல்ல வேண்டும். சார்ட்டில் 20 என்று கிடந்தால் யார் ஓடுவார்கள்?

“மூச்சு எண்ணப் போறேன் ஐயா” என்று அறிவித்துவிட்டு எண்ணுவதும் பிழைதான். சொன்ன நொடியே அவர் மூச்சை இழுத்து விட ஆரம்பித்துவிடுவார். நாடி பார்த்து முடித்ததும் மணிக்கட்டை விடாமல், பார்வையை மட்டும் மார்புக்கு மாற்றுங்கள். முழு நிமிடம் எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால், ஒரு மூச்சைத் தவறவிட்டாலும் கணக்கில் நாலு குறையும். நாடியைக் கட்டைவிரலால் பார்க்காதீர்கள். அதில் துடிப்பது உங்கள் நாடியாகவே இருக்கலாம்.

பிபி விஷயத்தில் குளறுபடி பெரும்பாலும் கையில் சுற்றும் பட்டையான கஃப்பைக் கட்டும்போதே தொடங்கிவிடுகிறது. பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். சட்டைக் கை, ஸ்வெட்டர் மேலேயே சுற்றுவது, கையை இதய மட்டத்துக்குக் கீழே தொங்கவிடுவது, மாடிப்படி ஏறி வந்தவரை ஐந்து நிமிடம்கூட உட்கார வைக்காமல் பார்ப்பது என்று பட்டியல் நீளும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் பிபி ஏறும், கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக் குழாய்களை இணைத்த இணைப்பு) போட்ட கையில் கஃப் கட்டவே கூடாது. ஸ்டெத்தில் நாம் கேட்கும் ஒலிகளை ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கோலாய் கொரோட்காஃப் விவரித்தது 1905இல். அவை சரியான இடத்தில் காதில் விழ வேண்டுமானால் வினாடிக்கு 2 மி.மீ. அளவில்தான் காற்றை இறக்க வேண்டும். அவசரத்தில் புஸ்ஸென்று திறந்துவிட்டால் மேல் அளவு குறைந்தும் கீழ் அளவு கூடியும் பதிவாகும்.

மருந்து கொடுக்கும்போது “நீங்கதானே முருகேசன்?” என்று கேட்காதீர்கள். அரைத்தூக்கத்தில் இருப்பவர், காது மந்தமானவர், மரியாதைக்குத் தலையாட்டுபவர் எல்லோரும் “ஆமாங்க” என்றுதான் சொல்வார்கள். ஒரே வார்டில் இரண்டு முருகேசன்கள் படுத்திருப்பது நம் ஊரில் அதிசயமா என்ன? “உங்க பேரு என்னங்க ஐயா?” என்று கேட்டு அவர் வாயால் வரவழையுங்கள். பிறகு ஐ.பி. நம்பரையும் (உள்நோயாளி எண்) ஒத்துப் பாருங்கள். கட்டில் நம்பர் ஆளுக்கு அடையாளம் ஆகாது, மதியமே கட்டில் மாறிவிடும்.

படுத்த படுக்கையாக இருப்பவரின் இடுப்பு எலும்பு மேல் தோல் சிவந்திருந்தால், “கொஞ்சம் தேய்ச்சு விடுங்க சிஸ்டர்” என்று வீட்டுக்காரர்கள் கெஞ்சுவார்கள். தேய்க்காதீர்கள். அடியில் ஏற்கனவே நசுங்கியிருக்கும் திசுவை அது இன்னும் சிதைக்கும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம், அதன் விளிம்பு அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதே வழக்கமான வழி. அதிலும் ஒரே ஆளாக அவரை இழுத்து நகர்த்தினால் தோல் உராய்ந்து உரியும். அடியில் ஒரு துணி விரித்து, இரண்டு பேராகத் தூக்கி நகர்த்துங்கள்.

கிளவுஸ் பற்றி ஒரே வார்த்தை: ஒரே ஜோடியோடு அடுத்த கட்டிலுக்குப் போகாதீர்கள், கழற்றியதும் கையைக் கழுவுங்கள்.

சார்ட்டில் எண் தப்பாகிவிட்டால் வொயிட்னர் தடவாதீர்கள். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, நேரமும் கையெழுத்தும் போடுங்கள். மூச்சை எண்ண நேரமே கிடைக்காவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். சிஸ்டர் திட்டத்தான் திட்டுவார். திட்டிவிட்டு, எண்ணி வரச் சொல்வார்.