பழைய இரும்பு கிடைத்தால் கம்பி பிரஷை எடுக்காதீர்கள்

திருகோணமலை உப்புவெளியில் மாமா வீட்டுக் கிணற்றை இறைத்தபோது முழங்கை நீளத்தில் ஓர் இரும்புத் துண்டு வந்தது. ஒரு முனையில் வளையம், மறுமுனையில் மரை. பார்த்தவர்கள் எல்லோரும் ஒல்லாந்தர் காலத்துச் சாமான் என்றார்கள். கோட்டை இருக்கிற ஊரில் அப்படித்தான் தோன்றும். ஆனால் மரை ஒரே சீராக, ஒரே இடைவெளியில் ஓடியது. பிரித்தானியாவில் மரைகளுக்கென்று ஒரு பொது அளவே 1841இல்தான் முன்வைக்கப்பட்டது. ஒல்லாந்தர் திருகோணமலையை விட்டுப்போனது 1795இல். பொருளைப் பார்க்கும் முன்பே கதையை முடிவு செய்வதுதான் நாங்கள் அதிகம் செய்கிற தவறு.

அதைவிட ஆபத்தான தவறு, என்னவென்று தெரியாமலே தட்டிப் பார்ப்பது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட ஊர் இது. பிறகு எங்கள் யுத்தமும் வந்து போனது. உருளையாக, கூம்பு முனையோடு, வால் சிறகு போன்ற தகடுகளோடு எது தெரிந்தாலும் தொடாதீர்கள். துளை உள்ள பழைய இரும்புக் குண்டும் அப்படித்தான், உள்ளே வெடிமருந்து இருக்கலாம். விலகி நின்று பொலிஸின் 119க்கு அறிவியுங்கள்.

ஆபத்தில்லாத பொருள் என்றால், அடுத்த தவறு கறளைச் சுரண்டுவது. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிற விஷயம். எழுத்து, எண், மேல்நோக்கிய அம்புக்குறி (அது பிரித்தானிய அரச உடைமை என்பதற்கான அடையாளம்) எல்லாம் அந்த மேல்படையில்தான் இருக்கும். மாமா வீட்டில் அரை மணித்தியாலம் கம்பி பிரஷால் தேய்த்த பிறகுதான் ஏதோ எழுத்து இருந்ததைக் கண்டோம், பாதி போய்விட்டது. மென்மையான பிரஷும் நல்ல தண்ணீரும் போதும். டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். கடலில் எடுத்த இரும்பை வெயிலில் காயப் போடவே கூடாது. உள்ளே ஊறிய உப்பு அதை விரிசல் விட்டு உதிரச் செய்யும். நல்ல தண்ணீரில் மூழ்க வைத்துவிட்டு, தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கறளின் தடிப்பைப் பார்த்து வயது சொல்வதும் சரிவராது. கடற்கரையோர வீட்டு ஜன்னல் கம்பி சில வருடங்களிலேயே பொருக்கு விடுகிறது. காற்றுப் புகாத களிமண்ணில் கிடந்த ஆணி நூற்றாண்டு தாண்டியும் உருக்குலையாமல் வரும். செய்த விதத்தைப் பாருங்கள். கறள் தின்ற இடத்தில் மரத்தின் நார்போலக் கோடு தெரிந்தால் அது சூடாக்கி அடித்து உருவாக்கிய பழைய அடிப்பு இரும்பு. நீளமாக ஒரு தையல் கோடு ஓடினால் அச்சில் வார்த்தது. மின் வெல்டிங் தழும்பு இருந்தால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுதான்.

உருண்டையாக இருப்பதெல்லாம் பீரங்கிக் குண்டும் அல்ல. சிமெந்து அரைக்கும் ஆலைகளிலும் இரும்புக் குண்டுகள் உண்டு. துளையில்லாததை அளந்து, நிறுத்துப் பாருங்கள்: 12 இறாத்தல் பீரங்கிக் குண்டின் விட்டம் ஏறக்குறைய 4.4 அங்குலம், 24 இறாத்தலுக்கு 5.5. நெடுநாள் கடலில் கிடந்தது என்றால் நிறை குறைந்திருக்கும், விட்டத்தையே நம்புங்கள்.

அப்புறம், எடுத்த இடத்தை மறப்பது. எவ்வளவு ஆழம், பக்கத்தில் ஓடா, செங்கலா, கண்ணாடியா என்று அன்றைக்கே எழுதி, படமும் எடுத்து வையுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பழமையானது என்று சந்தேகம் வந்தால், பழைய இரும்புக்காரர் தராசில் போடும் முன் தொல்பொருள் திணைக்களத்துக்குத் தெரிவியுங்கள்.